முழங்கால் நீரில் அம்மா

இந்த ஆள் கையில் இன்னும் ஆறு தாள் இருக்கிறது. எண்ணிவிட்டேன். அவர் மைக் முன்னால் நிற்கிறார், நான் அவருக்குப் பின்னால் கல்யாண மண்டபத்துச் சிம்மாசன நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன், சிவப்பு வெல்வெட், எவனெவனோ மாப்பிள்ளையாக உட்கார்ந்து எழுந்த நாற்காலி, கால் தரைக்கு எட்டவில்லை. எழுபத்திரண்டு வயதில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு முன்னூறு பேருக்கு எதிரே காட்சிப்பொருளாக இருக்கிறேன். தலைமையுரை பத்து நிமிடம் என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள். முனைவர் சேரலாதனுக்குப் பத்து நிமிடம் என்பது தொண்டையைச் செருமவே போதாது. இருபத்திரண்டு நிமிடமாக என்னைப் பாராட்டுகிறார். பாராட்டப் பாராட்ட எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல் இருக்கிறது. முன்வரிசையில் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், அவர்களுக்கு என் கவிதையும் தெரியாது, வியட்நாமும் தெரியாது, பதினொன்றரைக்குப் போண்டா வரும் என்பது மட்டும் தெரியும். பின்னால் கல்லூரிப் பெண்கள், வருகைப்பதிவு தருகிறேன் என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். "அன்னை என்பவள் யார்?" என்று கேட்கிறார் சேரலாதன். "நீரிலே நிற்பவள்!" என்று அவரே சொல்லிக்கொண்டு என் பக்கம் கையை நீட்டுகிறார். "இருநூறு ஆண்டுக்கு முன்னால் வியட்நாமியக் கவிஞன் தாம் வான் லூ பாடிய அந்த அன்னையை நம் தமிழுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர், இதோ, புதுச்சேரி தந்த லெயோனி அம்மையார்!" கைதட்டல். பிறகு வரப்போவது எனக்குத் தெரியும், முப்பது வருஷமாக எல்லா மேடையிலும் வருவதுதான். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பிக்கிறார். முழங்கால் நீரில் நிற்கிறாள் அம்மா, பிடுங்கிப்போக யாரோ வருவார்கள். வேர் கழுவும் கைக்கு ஊர் தெரியாது, அடுத்த வயலில் அவள் பெயர் வேறு. கடைசி வரியை இரண்டு தடவை சொல்கிறார். பின்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைக்கிறாள். துடைக்காதே பெண்ணே, அந்த வரி தப்பு.

தப்பு. முப்பது வருஷம் கழித்து நேற்றுத்தான் தெரிந்தது. மடியில் இருக்கும் துணிப்பைக்குள், வந்ததும் எனக்குப் போர்த்திய பொன்னாடையின் நுனிக்குக் கீழே, அந்தத் தாள் இருக்கிறது. காலையில் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன், கடைக்காரப் பெண் "இது சீன எழுத்தா ஆன்ட்டி?" என்று கேட்டாள், என் மூக்கையும் கண்ணையும் பார்த்துக்கொண்டே கேட்டாள், பிறந்ததிலிருந்து இந்த ஊரில் எனக்குக் கிடைக்கும் பார்வை அது. வியட்நாமில் ஹுவே நகரத்தில் பழைய ஏடுகளைப் படிக்கிற ஹான் என்ற பெண் அனுப்பியது. நான்தான் கேட்டிருந்தேன், ஐந்தாம் பதிப்புக்கு முகப்பில் போட மூல ஏட்டின் ஒரு பக்கம் வேண்டும் என்று. அழகுக்காகக் கேட்டேன். அவள் அனுப்பிவிட்டு, அடியில் ஒரு வரி மரியாதையாக எழுதியிருந்தாள்: முதல் வரியின் ஆறாவது எழுத்தைக் கவனியுங்கள், அக்கா. கவனித்தேன். வியட்நாமிய மொழியை இன்று எல்லாரும் ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள், அதில் அந்தச் சொல் 'மா' தான், கீழே ஒரு புள்ளி வைத்த மா. ஆனால் தாம் வான் லூ எழுதியது அந்தக் காலத்துச் சித்திர எழுத்தில். அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் வலப்பக்கம் ஓசை, இடப்பக்கம் பொருள். இடப்பக்கம் பெண்ணைக் காட்டும் குறியீடு இருந்தால் மா என்பது அம்மா. நெல்லைக் காட்டும் குறியீடு இருந்தால் மா என்பது நாற்று. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். நெல்தான். முழங்கால் நீரில் நிற்பது நாற்று. பிடுங்கிக்கொண்டு போய், வேரைக் கழுவி, அடுத்த வயலில் நட்டால் அதற்குப் பெயர் பயிர். பாகூரில் எந்த நடவுக்காரியைக் கேட்டிருந்தாலும் வெற்றிலையை மென்றுகொண்டே சொல்லியிருப்பாள். அடுத்த வயலில் பெயர் வேறு என்பதற்கு ஒருவர் பதினான்கு பக்கம் எழுதினார், திருமணத்தால் பெயரை இழக்கும் பெண்ணின் அடையாளச் சிக்கல் என்று. நானும் அதைப் படித்துவிட்டு அவருக்கு நன்றிக் கடிதம் போட்டேன். இந்த ஆறு தாள் முடிந்ததும் என்னைக் கூப்பிடுவார்கள். அந்த வரிக்குத்தான் விருது. நான் எழுந்து போய் என்ன சொல்லப்போகிறேன்? இந்த மண்டபத்தில் ஒருத்தருக்கும் அந்த மொழி தெரியாது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

தெரியாமல் போவது அவருக்கு வாய்க்கவில்லை, பாவம், தாம் வான் லூவுக்கு. சேரலாதன் இப்போது அவர் வாழ்க்கையைச் சொல்கிறார், என் முன்னுரையிலிருந்து வரிவரியாக உருவிச் சொல்கிறார், என் பெயரைச் சொல்லாமல். அரசாங்கத் தேர்வுக்கு மூன்றாம் தடவை போகிறார் லூ, வயது முப்பத்தொன்று. தேர்வுக்கு ஒரு சட்டம் உண்டு, அரசர் வீட்டுப் பெயர்களில் வரும் எழுத்துகளை எழுதக் கூடாது, எழுதியே தீர வேண்டுமென்றால் ஒரு கோட்டைக் குறைத்து ஊனமாக எழுத வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டுதான் தேர்வுக்கே போக வேண்டும். லூ நாள் முழுக்க எழுதினார். எழுதுகிற வேகத்தில் அரசரின் அம்மா பெயரில் இருந்த ஓர் எழுத்தை முழுசாக எழுதிவிட்டார், ஒரு கோடு குறையாமல். எல்லார் முன்னாலும் குப்புறப் போட்டு அடித்தார்கள். ஆயுளுக்கும் தேர்வு கிடையாது. அப்புறம்தான் மனிதர் கிராமத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, சேற்றில் நிற்பவர்களின் பேச்சில் அறுபத்துமூன்று பாட்டு எழுதினார், நாலு நாலு வரி. அத்தனையும் வயல், வாத்து, மழை, கடனுக்கு விற்ற எருமை. அரண்மனை இருந்த திசைக்கு ஒரு வரி கூடக் கொடுக்கவில்லை, அப்படி ஒரு வைராக்கியம். நாற்றைப் பார்த்தார், நாற்று என்று எழுதினார். நான் வந்து அம்மாவாக்கி, அழவைத்து, பாடப்புத்தகத்தில் ஏற்றினேன். ஓர் எழுத்துக்காக அவருக்குப் பிரம்படி. ஓர் எழுத்துக்காக எனக்குப் பொன்னாடை. நைலான் பொன்னாடை, கழுத்தில் குத்துகிறது.

எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு மனம் சொல்கிறது. அம்மாவின் நோட்டில் ரோமன் எழுத்துதானே இருந்தது. என் அம்மா லியென், ஹுவேக்காரி. அப்பா கப்ரியேல் இந்த ஊர் ஆள், சைகோன் சுங்கத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்தவர், வெள்ளைக்காரன் அங்கிருந்து மூட்டையைக் கட்டியபோது இவரும் கட்டினார். நாங்கள் கப்பலேறி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்குத் தமிழ் வரவில்லை. வந்த பத்து வார்த்தையையும் மதலேன் அத்தை கிண்டல் செய்து வாயை மூடவைத்தாள். லியென் என்ற பெயரையும் எடுத்துவிட்டு ஞானஸ்நானப் பதிவில் எலேன் என்று போட்டார்கள், தெருவில் அதுவும் இல்லை, சைகோன்காரி. அடுத்த வயலில் அவள் பெயர் வேறு. பார், மறுபடியும் அங்கேதான் போகிறது புத்தி, நாற்று என்று தெரிந்த பிறகும் அம்மாவை அந்தத் தண்ணீரிலிருந்து ஏற்ற முடியவில்லை. அவள் அடுப்படியில் உட்கார்ந்து தனக்கு ஞாபகம் இருந்த லூவின் பாட்டை எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவைத்தாள். சொல்லிக்கொண்டே எழுதுவாள். நான் பக்கத்தில் இருந்து பிரெஞ்சு வீட்டுப்பாடம் எழுதுவேன், அர்த்தம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் அவள் மொழியில் பேச வேண்டும், அது வெளியே வாசல் வரைக்கும் கேட்கும், பள்ளிக்கூடத்துப் பெண்கள் போகிற நேரம். சைகோன்காரர்கள் அம்மாவைக் கூப்பிடும்போது மா என்று மேலே ஏற்றுவார்கள். ஹுவேயில் கீழே இறக்குவார்கள், தொண்டையிலேயே அடைத்து நிறுத்திவிடுகிற மா. நான் அவளை அப்படித்தான் கூப்பிட்டேன், வீட்டுக்குள் மட்டும். அவள் போய் இருபது வருஷம் கழித்து, பிரெஞ்சு டீச்சர் வேலையில் சலித்து, அந்த நோட்டைத் தமிழாக்க உட்கார்ந்தேன். அகராதி வாங்கிவைத்திருந்தேன். அதில் மா என்பதற்கு முதல் பொருள் நாற்று என்றுதான் போட்டிருந்தது. அதுதான், அதைத்தான் நேற்றிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன். போட்டிருந்தது. பார்த்தேன். என் வீட்டுச் சொல்லை எனக்கே சொல்லித்தர வந்துவிட்டான் பார் அகராதிக்காரன் என்ற திமிரில் தாண்டிப்போனேன். திமிர் என்று சொல்லிக்கொள்ளச் சௌகரியமாக இருக்கிறது. திமிர் மட்டும்தானா? அடுத்த வரி பிடுங்கு என்கிறது, அதற்கடுத்தது வேர், வயல். நாற்று என்று வைத்தால் நாலு வரியும் தானாகப் போய் உட்கார்ந்திருக்கும். எதற்கு அந்தச் சொல்லைத் தொடப் பயந்தேன்? அந்த பஸ். இல்லை, பஸ் வேண்டாம். மேடையில் உட்கார்ந்துகொண்டு பஸ் வேண்டாம்.

சேரலாதன் முடித்துவிட்டார். ஆறு தாளையும் படிக்கவில்லை, யாரோ கடிகாரத்தைக் காட்டியிருக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் வந்து விழுந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார். யாரோ ஒரு பெண் எனக்கு எழுதிய வாழ்த்து மடலை வாசிக்கத் தொடங்குகிறாள், சட்டம் போட்ட மடல், சுவரில் மாட்டினால் ஆணிதான் தண்டம். நான் தாளை எடுத்து அவர் மடியில் வைத்தேன். மெதுவாகச் சொன்னேன், அம்மா இல்லை, நாற்று, ஓசை ஒன்றுதான், எழுத்து வேறு, மூலத்தில் தெளிவாக இருக்கிறது, நான் தப்பாகப் போட்டுவிட்டேன். மனிதர் தாளைப் பார்க்கவே இல்லை, ஜனத்தைப் பார்த்துச் சிரித்தபடியே பேசினார். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?" "தப்புன்னு தெரிஞ்சுபோச்சே." "யாருக்குத் தெரியும்? உங்களுக்கும் எனக்கும்தானே? நாத்துன்னு சொன்னா எவன் கைதட்டுவான், சொல்லுங்க. வேளாண்மைத் துறைக்காரன்தான் கைதட்டுவான்." தன் நகைச்சுவைக்குத் தானே தோள் குலுங்கினார். அப்புறம் முகத்தைக் கொஞ்சம் இரக்கமாக வைத்துக்கொண்டு, "ரெண்டும் ஒரே ஓசைதானே, சிலேடைன்னு அடுத்த பதிப்புல ஒரு அடிக்குறிப்பு போட்டுடுங்க. கவிஞரே ரெண்டையும் நெனச்சுத்தான் எழுதியிருப்பாரு. உங்களுக்கும் கௌரவம், அவருக்கும் கௌரவம்." புத்திசாலி. இந்த ஆளை முட்டாள் என்று இத்தனை நாள் நினைத்தது என் தப்பு. சிலேடை. எவ்வளவு வழுக்கலான வார்த்தை. அம்மாவும் இருப்பாள், நாற்றும் இருக்கும், நானும் தப்பித்துவிடுவேன். ஒரு நிமிஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அடிக்குறிப்பை மனசுக்குள் எழுதிக்கூடப் பார்த்துவிட்டேன். நன்றாகத்தான் வந்தது. அதனால்தான் அழித்தேன். நெல் குறியீட்டை ஒரு கோடு குறையாமல் போட்டிருக்கிறார் மனிதர், எழுத்துக்காக முதுகில் வாங்கியவர், எந்த எழுத்து எது என்று அவருக்குத் தெரியாதா? அவருக்கு அங்கே அம்மா இல்லை. எனக்கு நாற்று வேண்டாம், அதனால் அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தினேன். எனக்கு ஏன் நாற்று வேண்டாம் என்றால்.

பஸ். சரி, வா. இத்தனை வருஷம் ஓரத்தில் நின்றது போதும், வந்து தொலை. பாகூருக்குப் போகிற பஸ், நாங்கள் வந்து ஒன்றரை வருஷம் இருக்கும், அப்பாவின் சித்தப்பா வீட்டில் புதுநன்மை விருந்து, ஒரு பிள்ளை கோயிலில் முதல் தடவை நன்மை அப்பம் வாங்குகிற நாள். அப்பா முன்னாலேயே போய்விட்டார். அம்மாவும் நானும் மட்டும். அவளுக்குப் புடவை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு ஊக்காகக் குத்தியிருந்தது, நான் ஜன்னல் பக்கம் வேண்டும் என்று அடம்பிடித்து அவள் மேல் கோபமாக இருந்தேன், அவளுக்குத்தான் ஜன்னல். ஊரைத் தாண்டினதும் பஸ் ஒரு திருப்பத்தில் மெதுவாகப் போனது. அம்மா எழுந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டி, மா, மா என்றாள். அடித்தொண்டையிலிருந்து. மறுபடியும், மா! கையால் பஸ்ஸின் தகரத்தைத் தட்டினாள். என் தோளைப் பிடித்து உலுக்கி வெளியே காட்டினாள், சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, மா, மா. நான் வெளியே பார்த்தேனா? பார்த்தேன். பச்சையாக ஏதோ இருந்தது. பச்சையை யார் பார்த்தார்கள், பஸ் முழுக்கத் திரும்பி எங்களைப் பார்க்கிறது, அதைத்தான் பார்த்தேன். கண்டக்டர் வந்தார். "இன்னா பாப்பா, இன்னா சொல்லுது உங்கம்மா? எறங்கணுமா?" எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்த பஸ்ஸில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் சொன்னேன். "அவங்க அம்மாவக் கூப்புடுறாங்க." பின்னால் யாரோ த்சொ த்சொ என்றார்கள். ஒருவர் நெற்றிப் பொட்டில் விரலை வைத்துச் சுற்றிக் காட்டினார். அம்மாவின் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன், உட்காரு என்று அவள் மொழியில் சீறினேன். உட்கார்ந்தாள். விருந்து வீட்டில் மதலேன் அத்தையிடம் நானே போய்ச் சொன்னேன், யாரும் கேட்காமலே, அம்மா பஸ்ஸில் அவங்க அம்மாவக் கூப்புட்டுக் கத்தினாங்க, எனக்கு வெட்கமாப் போச்சு என்று. அத்தை அப்பாவிடம் சொன்னாள். அப்பாவுக்கு ஹுவேக்காரர்கள் அம்மாவை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று தெரியும். நெல் அவருக்குச் சாக்கில்தான் தெரியும். யாரைக் கூப்பிட்டாய் என்று அவளைக் கேட்டார், கேட்ட விதத்தில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மூளை கலங்கிப்போச்சு, இனிமே வெளிய கூட்டிட்டுப் போகாதீங்க என்றாள் அத்தை. போகவில்லை. பதினோரு வருஷம். கோயிலுக்குக் கூட இல்லை, சாமியார் வீட்டுக்கு வந்து நன்மை கொடுத்துவிட்டுப் போவார். அடுப்படி, கிணற்றடி, அந்த நோட்டு. பெட்டியில் வைத்துத்தான் அவளை அந்தத் தெருவைத் தாண்டிக் கொண்டுபோனோம். அறுபது வருஷம் அவளைக் கொஞ்சம் புத்தி பிசகினவள் என்றுதான் நானும் நம்பினேன், பெரிய மனசு பண்ணி அவள் மேல் இரக்கப்பட்டேன், அந்த இரக்கத்தில்தான் இந்தக் கவிதையைத் தமிழாக்கினேன். முதல் வரியை மொழிபெயர்க்கும்போது எனக்கு நாற்பது வயசு இல்லை, பத்து வயசு, கண்டக்டர் எதிரே நிற்கிறேன், சொன்ன பதிலையே மறுபடியும் சொன்னேன். ஒரே சொல். ஒரே தப்பு. முதல் தடவை அவளை உள்ளே வைத்துப் பூட்டியது, இரண்டாம் தடவை என்னை மேடையில் ஏற்றியிருக்கிறது.

என் பெயரைச் சொல்கிறார்கள். கால் தரைக்கு எட்டாததால் குதித்துத்தான் இறங்க வேண்டியிருந்தது, சேரலாதன் முழங்கையைப் பிடித்தார், உதறினேன். மைக் உயரமாக இருந்தது, வளைத்தேன், கீச்சென்றது. "அந்தக் கவிதையைச் சொல்லுங்கம்மா" என்று முன்வரிசை வாத்தியார் ஒருவர் கேட்டார். சொன்னேன். முழங்கால் நீரில் நிற்கிறது நாற்று. பிடுங்கிப்போக யாரோ வருவார்கள். வேர் கழுவும் கைக்கு ஊர் தெரியாது, அடுத்த வயலில் அதன் பெயர் வேறு. ஒருத்தரும் கைதட்டவில்லை. முந்தினதுதான் சரி என்று ஒரு பெண் தன் தோழியிடம் முணுமுணுப்பது கேட்டது. தப்பு என்னுடையது, முப்பது வருஷத் தப்பு, மூல ஏட்டின் பக்கம் சேரலாதன் மடியில் இருக்கிறது என்றேன். சேரலாதன் எழுந்து ஓடி வந்து இன்னொரு மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "பாருங்கள், எப்பேர்ப்பட்ட தன்னடக்கம்! அம்மையார் சொல்ல வருவது என்னவென்றால், இது ஒரு சிலேடை..." கூட்டம் உடனே தட்டியது. தட்டுவதற்குத்தானே வந்திருக்கிறார்கள். "சிலேடை இல்லை, உட்காருங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே நின்றார். "உட்காருய்யா!" என்று கத்தினேன். அவர் உட்கார்ந்தார். பொன்னாடையை எடுத்து மேசை மேல் வைத்தேன். வாத்தியார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருவர் விரலை நெற்றிப் பொட்டுக்குக் கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்தினார். சுற்று, நன்றாகச் சுற்று. பஸ் முழுக்க என் வாயைப் பார்க்கிறது. பாகூர் பஸ்ஸைச் சொன்னேன், ஊக்கு குத்திய புடவையைச் சொன்னேன், ஜன்னலைச் சொன்னேன், கிள்ளினதையும் சொன்னேன், பதினோரு வருஷத்தையும் சொன்னேன். கண்டக்டர் என்னைக் கேட்டார், இன்னா சொல்லுது உங்கம்மா என்று. அவர் இப்போது எங்கே இருப்பாரோ, உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ. பதில் இதுதான்.

"நாத்து," என்றேன். "எங்கம்மா நாத்தப் பாத்தாங்க. நாத்துன்னு சொன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க."